காகித மரத்தின் இலைகள் உதிராமல் இருக்க

கேள்வி: 5 வயது மகளோடும் 8 வயது மகனோடும் சேர்ந்து சார்ட் பேப்பரில் ஒரு மரம் ஒட்டினோம். மறுநாள் சார்ட் நெளிந்துபோனது. இலைகளில் பாதி சுருண்டு விழுந்துவிட்டன. மகள் நடுவிலேயே எழுந்து போய்விட்டாள். எப்படிச் செய்திருக்க வேண்டும்?

பதில்: பசையில் உள்ள தண்ணீர்தான் காரணம். அது காகிதத்தின் நார்களை உப்பவைக்கும். காயும்போது அவை சுருங்கும். இலையின் பின்புறம் முழுக்கப் பசை தடவினால் இலையும் சார்ட்டும் ஒன்றையொன்று இழுத்து நெளியும். காம்புப் பக்கம் மட்டும் ஒரு பொட்டுப் பசை போதும். நுனி ஒட்டாமல் நிற்கட்டும். மின்விசிறி ஓடும்போது மரமே அசையும். பசைப் புட்டியைக் கையில் கொடுத்துவிட்டு "கொஞ்சமாகப் போடு" என்று சொல்லிப் பயனில்லை. ஒரு மூடியில் சிறிது ஊற்றி, ஐஸ் குச்சியால் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். சார்ட்டுக்குப் பதில் பழைய அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அடிமரத்துக்குப் பழுப்புத் தாளை நன்றாகக் கசக்கி, முறுக்கி, மேல்முனையை நான்கைந்தாகக் கிழித்து ஒவ்வொன்றையும் கிளையாக முறுக்குங்கள். இங்கே மட்டும் பசையைத் தாராளமாகப் போடலாம். அது முழுவதும் காய்ந்த பிறகே இலைகள்.

மகள் எழுந்து போனதற்குக் கத்தரிக்கோல் காரணமாக இருக்கலாம். வளைவாக வெட்டுவது 5 வயதுக் கைக்குக் கடினமான வேலை. அவள் கிழிக்கட்டும். காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். வண்ணத்தாளிலும் இப்படிச் சோதித்து, நேராகக் கிழியும் திசையில் நீளமான இலைகளை எடுக்கச் சொல்லுங்கள். ஓரம் பிசிறாக இருந்தால் இருக்கட்டும். நீங்கள் உட்கார்ந்து அதைச் சீராக்காதீர்கள்.

மகனுக்கு வேறு வேலை கொடுக்கலாம். தெருவில் விழுந்துகிடக்கும் இலைகளைப் பொறுக்கி வரச் சொல்லுங்கள். அரச இலையையும் பூவரச இலையையும் காகிதத்தை இரண்டாக மடித்துப் பாதி வரைந்து வெட்டிவிடலாம். அரச இலையின் வால் போன்ற நுனியைத்தான் பொறுமையாக வெட்ட வேண்டும். வேம்பில் இந்த வித்தை பலிக்காது. ஒரு வேப்பிலையை எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்: நடு நரம்பின் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல், இலையே சற்று வளைந்திருக்கும். அதை மடிக்காமல்தான் வரைய வேண்டும். இதைப் பையனே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுங்கள்.

நரம்புகளைக் கையால் வரைய வேண்டியதில்லை. இலையின் பின்புறம் மேலே இருக்கும்படி வைத்து, மெல்லிய தாளை மூடி, மேலுறை உரித்த கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ஒவ்வொரு நரம்பும் எழுந்து வரும். சருகு நொறுங்கிவிடும் என்பதால் அன்று விழுந்த இலையே ஏற்றது.

நிறத்தைப் பொறுத்தவரை, கடையில் கிடைக்கும் கிளிப்பச்சையோடு நின்றுவிடாதீர்கள். மாந்தளிர் செம்பு நிறத்தில் இருக்கும்; அரசந்தளிரிலும் செம்மை உண்டு. கிளை நுனிகளில் அந்த நிறத் தாளும், அடியில் மஞ்சள் பழுப்புகள் இரண்டு மூன்றும் ஒட்டலாம். எங்கே ஒட்டுவது என்பதை மகளிடம் விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் அவள் ஒரே கிளையில் ஒட்டினாலும் சரி.