ஃபெல்லோஷிப் முடித்தால் ஆசிரியரா?

கேள்வி: மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள். பள்ளியில் கற்பிக்கும் இரண்டு ஆண்டு ஃபெல்லோஷிப்பில் சேர்ந்தால், பி.எட். இல்லாமல் டெல்லி அரசுப் பள்ளியில் வேலை கிடைக்குமா?
– வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: கிடைக்காது. ஃபெல்லோஷிப் அனுபவம் நல்லதுதான். ஆனால் அது பி.எட்.டுக்கு ஈடாகாது. இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். இரண்டாண்டு ரெகுலர் பி.எட்.டில் வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். அந்தப் பயிற்சியே மொத்தம் 20 வாரம்.

பலர் சறுக்குவதும் அங்கேதான். மேற்பார்வையாளருக்காக அன்றைய பாடக்குறிப்பை அழகாக எழுதிவிட்டு, அதை முடிப்பதிலேயே ஓடுவார்கள். பின்னத்தைக் கூட்டும்போது 1/2 + 1/3 = 2/5 என்று பிள்ளைகள் தப்பாக எழுதுவது கண்ணில் படாது. பத்தாவது நிமிடத்தில் ஒரு கணக்கைக் கொடுத்து, நாலு நோட்டைப் புரட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பி.எட். படிக்கும்போதே சிடெட் எனும் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பதற்கான இரண்டாம் தாளை எழுதலாம்: 150 கேள்வி, நெகட்டிவ் மார்க் இல்லை, பொதுப்பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. மொழிப் பகுதியில் தமிழும் உண்டு.

ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கத்தான் ஆசை என்றால் பி.எட். உதவாது; 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. தொடக்கக் கல்விப் பட்டயம் படிக்கட்டும்.