பொங்கலுக்கு அம்மாயி வீடு: ஆட்டிசக் குழந்தையும் விடுமுறை முகாம் தரகர்களும்

கேள்வி: ஆட்டிசம் உள்ள எங்கள் ஏழு வயது மகன், பள்ளியும் பயிற்சியும் நின்றாலே உறக்கம் கெட்டு அலறுகிறான். பொங்கலுக்குக் கோபி அருகே அம்மாயி (என் அம்மா) வீட்டுக்குப் போக வேண்டும். கோவையில் பதினைந்து நாள் முகாமில் விட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (திருப்பூர் வாசகி)

பதில்: கொடுக்க வேண்டாம். ஆட்டிசம் மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. அதைப் பதினைந்து நாளில் சரியாக்கும் முகாம் எதுவும் கிடையாது. இடம், ஆள், நேரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிடும் அந்த முகாம், உங்கள் மகன் எதனால் அலறுகிறானோ அதையே உங்களிடம் விலைக்கு விற்கிறது. அதே தரகர் அடுத்து ஸ்டெம் செல் ஊசி என்பார். ஆட்டிசத்துக்கு அது வேண்டாம் என்று தேசிய மருத்துவ ஆணையத் தரப்பு 2022இலேயே சொல்லியும் வியாபாரம் நிற்கவில்லை. வழக்கம் குலையும் நாட்களில்தான் பெற்றோருக்கு உதவி தேவை. அரசுப் பயிற்சி மையமும் தனியார் பயிற்சி மையமும் பூட்டிக் கிடப்பதும் அதே நாட்களில்தான். இதைக் கேட்பாரில்லை.

ஊருக்குப் போங்கள், ஆனால் இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம். எழும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரம் ஆகிய மூன்றும் அங்கேயும் மாறக் கூடாது. அம்மாயி வீடு, மாமா, தொண்டுப்பட்டி (மாடு கட்டும் பட்டி) என ஒவ்வொன்றின் படத்தையும் நாட்காட்டியில் ஒட்டி, ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் காட்டி, முடிந்த நாளை அவன் கையாலேயே கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். அவனுடைய தட்டு, போர்வை, தலையணை கூடவே வரட்டும். பட்டிப் பொங்கல் (மாட்டுப் பொங்கல்) அன்று மாலையில் தட்டொலியும் கூச்சலும் எழுவதற்கு முன்பே அவனை உள்ளறைக்கு அழைத்துச் சென்றுவிடுங்கள். "பழகினால் சரியாகும்" என்று பட்டியருகே நிறுத்தும் உறவினரிடம் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் விடுமுறையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இதுவரை இல்லாதபடி திடீரென்று தலையை முட்டிக்கொண்டாலோ, காதைப் பிடித்து அழுதாலோ, உணவை அடியோடு மறுத்தாலோ, அது வலியாக இருக்கலாம். சொல்லத் தெரியாத குழந்தைக்குக் காதில் சீழ், சொத்தைப் பல், பல நாள் மலச்சிக்கல் என எதுவும் இப்படி வெளிப்படலாம். கரும்பும் பலகாரமும் தின்று மலம் கட்டிய குழந்தையை, "வழக்கம் மாறியதால் அடம்" என்று வீட்டாரே முடிவு கட்டி நான்கு நாள் வைத்திருந்து அழைத்து வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பண்டிகை நாளானாலும் குழந்தை மருத்துவரிடம் காதையும் வாயையும் வயிற்றையும் காட்டிவிடுங்கள்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே வீடு திரும்பி, பள்ளி நாளைப் போலவே அவனை எழுப்பத் தொடங்குங்கள்.