11.9-உம் ‘ஆம்’, 7.2-உம் ‘ஆம்’ என்றால் எப்படி?

கேள்வி: டாக்டர், நான் முதுகலை நர்சிங் படிக்கிறேன். ஆய்வுக்காக 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் பார்க்கப் போகிறேன். படிவத்தில் ‘ரத்தசோகை: ஆம் / இல்லை’ என்று ஒரே கட்டம் போட்டிருந்தேன். வழிகாட்டி மேடம் அதைச் சுழித்துவிட்டு, ‘இது எந்த வகையான மாறி (ஆளுக்கு ஆள் மாறும் விவரம்) என்று யோசித்துக்கொண்டு வா’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதில் என்ன தப்பு?

பதில்: மேடம் செய்தது சரி. நல்லவேளை, ஊருக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிட்டார். ஹீமோகுளோபின் அளந்து வருகிற எண், எந்த இரண்டு அளவுக்கு நடுவிலும் இன்னொரு அளவு வரலாம், அதனால்தான் அதைத் தொடர் மாறி என்கிறோம். எடை, உயரம், ரத்த அழுத்தம் எல்லாம் இதே இனம். ‘ஆம்’ என்று டிக் அடித்த நிமிடமே அது வகை மாறி, அதாவது ஆட்களைப் பிரிவு பிரிவாக மட்டும் காட்டுவது, ஆகிவிடும், கருவி காட்டிய எண் போனது போனதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அப்படியானால் 11.9 உள்ளவரும் ‘ஆம்’, 7.2 உள்ளவரும் ‘ஆம்’. முதலாமவருக்கு லேசான குறை. இரண்டாமவர் 8-க்கும் கீழே, அதாவது கடுமையான ரத்தசோகை, உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டியவர். உங்கள் படிவத்தில் இருவரும் ஒரே டிக். கர்ப்பிணிகளுக்கோ கோடு 11, நடு மூன்று மாதங்களில் 10.5. வந்தவர்களில் நாலு பேர் கர்ப்பிணி என்று பிறகு தெரிந்தால், எண் கையில் இருந்தால் திருத்திக்கொள்ளலாம், வெறும் டிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

தேசிய குடும்பநல ஆய்வின் 5-வது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் இதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்குக்கூட முதலில் எண்ணாகத்தான் குறித்தார்கள். வசிக்கும் இடத்தின் உயரம், புகைப்பழக்கம் இரண்டையும் பார்த்து அந்த எண்ணைச் சரிசெய்த பிறகுதான் லேசு, நடுத்தரம், கடுமை என்று பிரித்தார்கள்.

இன்னொன்று, எண்ணாக எழுதியதெல்லாம் எண் ஆகிவிடாது. ரத்த வகைக்கு ஏ என்றால் 1, பி என்றால் 2 என்று எக்செலில் போட்டிருப்பீர்கள், சராசரி கேட்டால் அது 2.3 என்று தந்துவிடும், அப்படி ஒரு ரத்த வகை உலகத்தில் கிடையாது! அங்கே எத்தனை பேர், எத்தனை சதவீதம், அவ்வளவுதான். லேசு, நடுத்தரம், கடுமை என்பதில் வரிசை உண்டு, ஆனால் படிக்குப் படி இடைவெளி சமம் என்று சொல்ல முடியாது, அதனால் இடைநிலை அளவு, அதாவது வரிசையாக அடுக்கினால் நட்டநடுவில் நிற்பது, போதும்.

சராசரியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஒரு வார்டில் ஏழு பேர் தங்கிய நாட்கள் 2, 3, 3, 4, 4, 5, 35 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 8 நாள். ஏழில் ஆறு பேர் எட்டு நாள் இருக்கவே இல்லை! இடைநிலை அளவு 4, வார்டில் நடந்ததை அதுதான் சொல்கிறது. ஒருவர் மட்டும் இப்படித் தூரத்தில் நின்றால் சராசரியை அவர் பக்கமே இழுத்துவிடுவார்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை பற்றிய ஒரு கட்டுரையில் ‘பி மதிப்பு 0.04’ என்று போட்டிருந்தது. மாத்திரை வேலை செய்ய 96 சதவீதம் வாய்ப்பு என்று அர்த்தமா?

பதில்: இல்லைங்க, நிறையப் பேர் இப்படித்தான் படிக்கிறார்கள். மாத்திரையால் துளியும் பலன் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இவ்வளவோ இதைவிடக் கூடுதலாகவோ வித்தியாசம் தற்செயலாகத் தென்பட 100-க்கு 4 வாய்ப்பு, அது சொல்வது இவ்வளவுதான். ஹீமோகுளோபின் எத்தனை கிராம் ஏறியது என்று அதே பக்கத்தில் தேடிப் பாருங்கள். ஆயிரக்கணக்கானவர்களை வைத்து அளந்தால் 0.1 கிராம் வித்தியாசத்துக்குக்கூடச் சின்ன பி மதிப்பு வந்துவிடும், ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண்ணுக்கு அந்த 0.1 கிராமில் ஒன்றும் மாறியிருக்காது.