கறுப்பு ராலேக்கு வண்ணம் வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

பல ஆண்டுகளாக 1:24 அளவு மாதிரிக் கார்கள் செய்து வருகிறேன். சென்ற மாதம் பெரியப்பா வீட்டை ஒழித்தபோது தாத்தாவின் ராலே சைக்கிள் கிடைத்தது. கறுப்பு நிறம், ராடு பிரேக் (கம்பிக்குப் பதில் இரும்புத் தண்டால் இழுக்கும் பிரேக்), பின்சக்கரத்தில் மூன்று கியர். ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளையில்) 'ஏ.டபிள்யூ' என்றும் '58 7' என்றும் பொறித்திருக்கிறது. மிதித்தால் எந்தக் கியரிலும் சில சமயம் பெடல் சும்மா சுற்றுகிறது. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) கழலவில்லை. அதை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின்னைத் தட்டித் தட்டி ஒரு பக்கம் மரையே நசுங்கிவிட்டது.

பழைய வண்ணத்தை முழுக்கச் சுரண்டிவிட்டு, காருக்கு அடிக்கும் டாமியா டி.எஸ்.-14 கறுப்பையே அடிக்கலாம் என்று திட்டம். ஆனால் அதே ஸ்ப்ரே சில நாட்களில் கார் பானெட்டில் வெண்புகை படிந்தாற்போல் ஆகிவிடுகிறது. ஏன்? உதிரிபாகங்களை மதுரையில் இருக்கும் சித்தப்பாவிடம் வாங்கி அனுப்பச் சொல்லலாமா?

க., தெம்பனிஸ், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

முதலில் அந்த ஸ்ப்ரே டப்பாவை அலமாரியில் வைத்துவிடுங்கள். மாதிரிக் காரில் உடலுக்கு வண்ணம் அடித்து முடித்த பிறகுதான் கண்ணாடி, விளக்கு, சக்கரம் எல்லாம் ஏறும். பழைய சைக்கிளில் வரிசை தலைகீழ். கிராங்க், பால்ரஸ், ஹப், பிரேக் நான்கும் ஒழுங்காக ஓடிய பின்புதான் வண்ணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்குள் பெரும்பாலோருக்கு வண்ணம் அடிக்கும் ஆசை போய்விடும். போவது நல்லது.

உங்கள் ராலேயின் கறுப்பு சூளையில் சுட்ட எனாமல். அதன் மேல் பொன்னிறக் கோடுகளும் எழுத்து ஒட்டிகளும் மிச்சமிருந்தால், சுரண்டிய பின் அவை திரும்பி வரா. சிராய்ப்போடு இருக்கும் அசல் வண்ணத்தைத்தான் விஷயம் தெரிந்தவர்கள் தேடுகிறார்கள். வேதியியலும் உங்கள் திட்டத்துக்கு எதிராகவே நிற்கிறது. டி.எஸ். வகை லாக்கர் (வேகமாகக் காயும் வண்ணம்), பிளாஸ்டிக்குக்கென்று செய்தது. அதன் கரைப்பான் பழைய எனாமல்மீது பட்டால் அடிப்பூச்சு ஊறிச் சுருங்கித் தோலாக எழும்பும். வெறும் இரும்பு வரை சுரண்டிவிட்டு அடித்தாலும், உலோகத்துக்கான பிரைமர் இல்லாமல் பிடிக்காது. பிடித்தாலும் சங்கிலி ஒருமுறை உரசினால் போச்சு. 100 மி.லி. டப்பாவில் ஒரு கார் உடல் தாராளமாக முடியும். பிரேம், முன் போர்க், இரண்டு மட்கார்டு என்று கணக்குப் போட்டால் எத்தனை டப்பா ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

வண்ணத்துக்கு இப்போது செய்ய வேண்டியது கழுவுவது மட்டுமே. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில துளிகள், மெத்தென்ற துணி. பச்சை நிறத் தேய்ப்பானைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். பாலிஷ் பசையை எழுத்து ஒட்டிகள்மேல் தேய்த்தால் பொன்னிறம் துணியோடு வந்துவிடும். உலர்ந்த பின் கார் மெழுகு ஒரு பூச்சு போதும்.

இனி காட்டர். நீங்கள் செய்ததைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்: சிறிய சுத்தியலால் பல தட்டு. ஒவ்வொரு தட்டும் பின்னின் நுனியைக் காளான்போல் விரிக்கும், அந்த அதிர்ச்சி கிராங்க் வழியாக பால்ரஸுக்குப் போய், குண்டுகள் உருளும் கப்பில் குழி விழச் செய்யும். பின்னோ அசையாது. அடி விழும்போது கிராங்க் அந்தரத்தில் இருக்கக்கூடாது, தரையில் தாங்கி நிற்க வேண்டும். உள்விட்டம் 12, 13 மி.மீ. உள்ள கனமான இரும்புக் குழாய் ஒன்றை, தரையிலிருந்து கிராங்கின் அடிவரை வரும் நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். பின்னின் மரைப்பக்கம் மேலே, தடித்த தலை கீழே குழாயின் வாய்க்குள். குழாய்க்கு அடியில் தடித்த பலகை வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டு டைல்தான் முதலில் உடையும். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு முனையிலும் விட்டு இரண்டு நாள் ஊறவிட்ட பிறகு, நசுங்காத பக்கத்தில் நட்டை மரையின் நுனியோடு சமமாக நிறுத்தி, ஒரு கிலோ சுத்தியலால் ஒரே நேரடி அடி. நட்டு மரையைக் காப்பாற்றும், கனமான அடி பின்னை நகர்த்தும். பகலில் செய்யுங்கள், கீழ்வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்பதும் கணக்கில் உண்டு.

நசுங்கிய பக்கத்தில் இது நடக்காது. மரையை ஹாக்ஸா பிளேடால் கிராங்க் மட்டத்துக்கு அறுத்துவிட்டு, நடுவில் சென்டர் பஞ்சால் குறி போட்டு, முதலில் 3 மி.மீ., பிறகு 6 மி.மீ. துளை சுமார் 15 மி.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். உள்ளே காலியானதும் பின்னின் பிடி தளரும். அதன் மேல் பஞ்ச் வைத்து அடித்தால் வந்துவிடும். துளை சாய்ந்தால் கிராங்கின் கண் கெடும். அதனால் கை டிரில்லைப் பிடித்துக்கொண்டு அவசரப்பட வேண்டாம்.

புதுப் பின் 9.5 மி.மீ. தடிமன். இரண்டையும் எதிரெதிர் திசையில் செருக வேண்டும், ஒரே திசையில் செருகினால் இரண்டு பெடலும் நேர்க்கோட்டில் நிற்காது. சாய்வுப் பட்டை இரண்டிலும் ஒரே அளவு இருக்கும்படி அரத்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். நட்டால் இழுத்துப் பின்னை உள்ளே கொண்டுவர முயல்வது தவறு. அடித்து உட்கார வைத்துவிட்டு நட்டைப் போட வேண்டும். சில கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி ஒரு தட்டு, ஒரு இறுக்கு.

கிராங்க் வெளியே வந்தால் அடுத்தது பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்க் அச்சு சுழலும் இடம். இடப்பக்கக் கப்பைக் கழற்றுங்கள். வலப்பக்கக் கப்பு இடதுமரை, அதுவும் அறுபதாண்டுத் துருவோடு இருக்கும். அது வழுவழுப்பாக இருந்தால் கழற்றவே வேண்டாம், மண்ணெண்ணெய்த் துணியால் உள்ளிருந்தே துடைத்தால் போதும். பக்கத்துக்கு 11 குண்டு, கால் அங்குலம். பழையதோடு புதியதைக் கலக்காமல் 22 குண்டையும் மாற்றுங்கள். தேய்ந்த குண்டு அளவில் நூலிழை குறைந்திருக்கும், பாரம் முழுவதும் புதியவற்றின்மேல் விழும்.

பெடல் சும்மா சுற்றுவதற்கு வருவோம். '58 7' என்றால் அந்த ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் 1958 ஜூலையில் செய்தது. சைக்கிளின் வயதும் அதுவேதான் என்று முடிவுகட்ட வேண்டாம், சக்கரம் மாறியிருக்கலாம். ஒரு கியரில் மட்டும் நழுவினால் கியர் கம்பியைச் சந்தேகிக்கலாம்: 1-இல் மட்டும் என்றால் கம்பி தளர்ச்சி, 3-இல் மட்டும் என்றால் அதிக இறுக்கம். எல்லாக் கியரிலும் நழுவுகிறது என்கிறீர்கள். உள்ளே சிறு ஸ்பிரிங்கால் தூக்கி நிற்க வேண்டிய கொக்கிப் பற்கள், காய்ந்த எண்ணெயில் ஒட்டிப் படுத்துவிட்டன என்றுதான் முதலில் கொள்ள வேண்டும். பிரிக்க வேண்டியதில்லை. ஹப்பின் நடுவில் மூடி போட்ட சிறு துளை இருக்கும். அதில் ஒரு தேக்கரண்டி மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றி, ஒரு நாள் சாய்த்து வையுங்கள். பழுப்பாக வடியும். மறுபடி ஒருமுறை. பிறகு எஸ்.ஏ.இ. 20 அல்லது 30 எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதன்பின் மாதம் சில துளி. சமையல் எண்ணெய் பிசினாகிவிடும். கிரீஸ் கொக்கிப் பற்களைப் படுக்கவைத்துவிடும். இரண்டும் வேண்டாம்.

கியரைச் சரிசெய்ய லீவரை 2-இல் வையுங்கள். வலப்பக்க அச்சு நட்டில் உள்ள துளை வழியே பார்த்தால், சிறு சங்கிலி பொருந்திய கம்பியின் தோள், அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். இந்த மாடலில் 2-க்கும் 3-க்கும் இடையே எதிலும் பிடிக்காத ஓர் இடம் உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது கம்பி அங்கே போய்விட்டால் கால் சட்டென்று கீழே போகும், மார்பு ஹேண்டில்பாரில் மோதும். அளவு சரியாக நிற்கும்வரை உட்கார்ந்தே மிதியுங்கள்.

துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 20 முதல் 30 கிராம். ஹேண்டில்பார், பிரேக் ராடுகள் போன்ற குரோம் பாகங்களை ஓரிரவு ஊறப்போடலாம். அலுமினியம் வேண்டாம். துத்தநாகம் பூசிய ஸ்போக்கும் வேண்டாம், அமிலம் துருவோடு துத்தநாகத்தையும் தின்றுவிடும். இது விஷம்: கையுறை, தூளைக் கரைக்கும்போது முகக்கவசம், குழந்தைக்கு எட்டாத வாளி. எடுத்ததும் கழுவி, சோடா உப்பு கலந்த நீரில் முக்கி, ஹேர் டிரையரால் உடனே உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் இந்த ஊர்க் காற்றில் மறுநாள் காலை செம்மஞ்சள் படலம் காத்திருக்கும்.

உங்கள் பானெட்டில் பூத்த வெண்மைக்கும் காரணம் அதே ஈரம்தான். லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுதியாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். சிங்கப்பூரில் சூரிய உதயத்துக்குச் சற்று முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லா நாளின் நடுப்பிற்பகலில் 60 வரை இறங்கும். ஆகவே ஸ்ப்ரே அடிக்கும் நேரம் மழையில்லாத நாளில் பிற்பகல் ஒன்றிலிருந்து நான்கு. இரவு வேலை முடித்து வந்து அடிப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். 20 செ.மீ. தூரத்தில் மெல்லிய பூச்சாக, இடையில் கால் மணி நேரம் விட்டு அடியுங்கள். குளிர்நாட்டு வீடியோக்களில் டப்பாவை வெந்நீரில் சூடாக்கச் சொல்வார்கள். இங்கே அது தேவையில்லை. சூடு கூடினால் வண்ணத் துளி பரப்பைத் தொடுமுன்பே காய்ந்து சொரசொரப்பாகும். குளிர்சாதன அறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு அடிப்பது ஈரத்துக்கு நல்லதுதான், நுரையீரலுக்கு அல்ல. அடித்துக் காய்ந்ததை இரவு அந்த அறையில் வைக்கலாம். ஏற்கெனவே பூத்த பானெட்டை உப்புத்தாளால் தேய்க்க அவசரப்படாதீர்கள். வறண்ட பிற்பகலில், ரிடார்டர் (காய்வதைத் தாமதிக்கும் திரவம்) கலந்த லாக்கர் தின்னரை ஏர்பிரஷால் பனிபோல் ஒரு தடவை தூவினால் பூச்சு லேசாக இளகி, சிக்கிய நீர் வெளியேறும். பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சைக்கிளை அடுக்குமாடியின் பொதுத் தாழ்வாரத்தில் நிறுத்துவதாக இருந்தால் 1.2 மீட்டர் வழி விட்டு நிறுத்துங்கள். சாலையிலோ பொதுப் பாதையிலோ ஓட்ட, வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது கட்டாயம். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம். ராடு பிரேக் கைப்பிரேக்தான், ஆனால் அதன் கட்டை குரோம் ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கி அழுத்துவது. மழையில் குரோம் நனைந்தால் பிடிப்பு பாதிகூட இருக்காது. புதுக்கட்டை போட்டு, ரிம்முக்கும் கட்டைக்கும் 3 மி.மீ. இடைவெளி வைத்து, மழை பெய்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

உதிரிபாகம். பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், சித்தப்பா நல்ல வழி. ஆனால் எல்லாமே அங்கிருந்து வராது. இந்தியாவின் பெரிய சைக்கிள்களில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 24 மரை, ராலே தன் பாட்டம் பிராக்கெட்டுக்கும் ஹெட்செட்டுக்கும் (ஹேண்டில்பார் திரும்பும் இடம்) 26 மரை போட்டது. இந்தியக் கப்பு முதல் சுற்று ஏறும், இரண்டாவதில் இறுகும், பலம் கொடுத்தால் பிரேமின் மரையைக் கெடுக்கும். ஆகவே கப்பு, கோன் எதையும் கேட்காதீர்கள். பழையதைச் சுத்தம் செய்து போடுங்கள். குண்டு, 9.5 மி.மீ. காட்டர், பிரேக் கட்டை, அரை அங்குலம் பெருக்கல் எட்டில் ஒரு அங்குலச் சங்கிலி, டயர், டியூப் ஆகியவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். காட்டரை மட்டும் இரண்டு ஜோடி கேளுங்கள், மலிவானவற்றின் இரும்பு மெத்து. டயருக்கு '28 இஞ்ச்' என்று மட்டும் சொன்னால் இன்றைய 622 மி.மீ. ரிம் அளவு வந்து சேரலாம், உங்கள் ரிம்மைவிட 13 மி.மீ. சிறியது அது. பழைய டயரின் பக்கவாட்டில் 28 x 1½ என்றிருக்கிறதா என்று பார்த்து, 40-635 (டயர் அகலமும் ரிம் விட்டமும், மி.மீ.-இல்) என்று எழுதியே அனுப்புங்கள்.