வாசகர் கேள்வி – பதில்: பிள்ளைகளைப் பட்டாளத்துக்குக் கேட்ட தேர்தல்

பாம்பனிலிருந்து ஒரு அம்மா: ஐயா, என் மகன் டொரோண்டோவில் வேலை பார்க்கிறான். முதல் உலகப் போரின்போது, பிள்ளைகளைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கலாமா என்பதை வைத்தே கனடாவில் தேர்தல் நடந்தது என்கிறான். ஜனங்கள் நிஜமாகவே சரி என்று ஓட்டுப் போட்டார்களா? இப்போதும் அந்தச் சட்டம் இருக்கிறதா?

பதில்: இப்போது இல்லை, கவலைப்படாதீர்கள் அம்மா. விருப்பப்பட்டவர்கள்தான் ராணுவத்தில் சேர்கிறார்கள்.

தேர்தல் நடந்தது 1917 டிசம்பர் 17. அந்த ஏப்ரலில் பிரான்ஸில் விமி மேட்டைப் பிடித்த நாலே நாளில் கனடா 3,598 பேரைப் பறிகொடுத்திருந்தது. தானாக வந்து சேரும் ஆட்களும் குறைந்துபோக, பிரதமர் ராபர்ட் போர்டன் ஆகஸ்டில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் கொண்டுவந்தார். முன்னாள் பிரதமர் வில்ஃப்ரிட் லாரியர் போரை எதிர்க்கவில்லை, ஆளைப் பிடித்துக்கொண்டு போவதைத்தான் எதிர்த்தார். அவர் கட்சியிலேயே ஆங்கிலம் பேசுகிறவர்கள் பலர் போர்டன் பக்கம் போய்விட்டார்கள். முடிவு 153க்கு 82. லாரியருக்குக் கிடைத்த 82இல் 62 இடங்கள் பிரெஞ்சு பேசும் கியூபெக்கில்.

நிஜமாகவே சரி என்றார்களா என்று கேட்கிறீர்களே, எனக்குக் கோபம் வருவது அங்கேதான். தேர்தலுக்கு முன்பே வாக்காளர் பட்டியலைத் திருத்திவிட்டார்கள். வெளிநாட்டில் போரிடும் சிப்பாயின் மனைவி, தாய், சகோதரிக்கு ஓட்டு உண்டு, மற்ற பெண்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது. எதிரி நாட்டில் பிறந்து 1902 மார்ச்சுக்குப் பிறகு கனடியக் குடியுரிமை வாங்கியவர்களில் பெரும்பாலோரின் ஓட்டையும், மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மறுத்தவர்களின் ஓட்டையும் பறித்தார்கள். யார் ஆதரிப்பார்கள் என்று பார்த்து ஓட்டுக் கொடுத்த தேர்தலை ஜனங்களின் சம்மதம் என்று என்னால் சொல்ல முடியாது.

அதைவிடக் கொடுமை விவசாயிகளுக்கு நடந்தது. உங்கள் மகன்களை எடுக்க மாட்டோம் என்று ஓட்டுப்பதிவுக்குச் சில நாள் முன்னால் வாக்குக் கொடுத்து, 1918 ஏப்ரலில், விதைப்புக்கு ஆள் தேவைப்படும் நேரத்தில், அதை ரத்து செய்தார்கள். தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் படகை இறக்குகிற வாரம் வீட்டு ஆம்பளைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் பாம்பனில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மே மாதம் ஆயிரக்கணக்கான விவசாயிகள் தலைநகர் ஒட்டாவாவுக்கே போய் நியாயம் கேட்டார்கள். அரசு இறங்கி வரவில்லை.

தொண்டி வாசகர்: அப்படி எடுத்த ஆட்களால் போரில் பலன் இருந்ததா?

பதில்: பெயர் பதிந்த சுமார் 4 லட்சம் பேரில் 3,80,000க்கும் மேற்பட்டவர்கள் விலக்குக் கேட்டு மனுப் போட்டார்கள். போர் முடிவதற்குள் பிரான்ஸ் போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 24,000 பேர். போரின் கடைசி மாதங்களில் ஆள் குறைந்த படைப்பிரிவுகளுக்கு அவர்கள் உதவினார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தை எதிர்த்து கியூபெக் நகரில் தெருவில் இறங்கிய கூட்டத்தின் மீது 1918 ஏப்ரல் 1 அன்று ராணுவம் சுட்டதில் பொதுமக்கள் நாலு பேர் செத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மறுபடியும் கட்டாயச் சேவைப் பேச்சு எழுந்தபோது, கியூபெக் அந்த நாலு பேரை மறந்திருக்கவில்லை.