ஊமைக் கால கார்ட்டூன்களில் அப்படி என்ன இருக்கிறது? ஏன் அவை அதிகம் கிடைப்பதில்லை?

வாலைக் கழற்றிக் கைத்தடியாக்கும் பூனையைப் பார்த்துச் சிரிப்பே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக யூடியூபில், யாரோ கண்ட பாட்டையும் ஒட்டி வேகத்தையும் கூட்டி ஏற்றிய பிரதியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு எனக்கும் சிரிப்பு வராது.

நான் சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் இன்பிட்வீன் வரைந்தவன். சீனியர் ஒரு அசைவின் தொடக்கமும் முடிவுமாக இரண்டு கீ டிராயிங் தருவார், நடுவில் வருவதை நாங்கள் நிரப்ப வேண்டும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பீக்கர் இல்லாத கம்ப்யூட்டரில் நீங்கள் சொன்ன அதே பூனை, ஃபெலிக்ஸ், ஓடியது. 1923-இல் வந்த 'ஃபெலிக்ஸ் இன் ஹாலிவுட்'. அந்தப் பூனை சாப்ளின் மாதிரி நடந்து காட்டுகிறது, சாப்ளினே வந்து என் சரக்கைத் திருடுகிறாயா என்று சண்டை பிடிக்கிறார். டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் பார்த்தோம். பின்னணிக் குரல் காப்பாற்றும் என்ற நம்பிக்கை அதை வரைந்தவர்களுக்கு இல்லை. சிரிப்பு முழுக்கக் கோட்டிலேயே வந்தாக வேண்டும். தலைக்கு மேல் வரும் கேள்விக்குறியைக்கூடப் பிடுங்கிக் கருவியாக்கிவிடும் அந்தப் பூனை. 1928-இல் ஒலியோடு மிக்கி மவுஸின் 'ஸ்டீம்போட் வில்லி' வந்தபின் எல்லா உருவமும் தாளத்துக்குக் குதிக்க ஆரம்பித்துவிட்டது. மிக்கி ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், எனக்கும் மிக்கியைப் பிடிக்கும்.

கிடைக்காததற்குக் காரணம் அந்தக் காலப் படச்சுருளான நைட்ரேட் ஃபிலிம். சட்டென்று தீப்பிடிக்கும், வைத்திருந்தாலும் மட்கிப்போகும். பேசும்படம் வந்ததும் இவற்றைச் சீந்துவாரில்லை. ஃபிலிமில் பூசிய வெள்ளியைப் பிரித்தெடுக்கவே நிறைய அழிக்கப்பட்டது. வீட்டு புரொஜெக்டருக்காக விற்ற 16 மி.மீ., 9.5 மி.மீ. பிரதிகள்தான் பலவற்றைக் காப்பாற்றின. டிஸ்னி எடுத்த 26 ஆஸ்வால்டு முயல் படங்களில் சில இன்னும் அகப்படவில்லை. ஒன்று 2018-இல் ஜப்பானில் ஒரு சேகரிப்பாளரிடம் கிடைத்தது.

ஃபெலிக்ஸை வரைந்து வளர்த்தவர் ஆட்டோ மெஸ்மர். டைட்டிலில் வந்ததோ முதலாளி பாட் சல்லிவன் பெயர் மட்டும். (பூனையை உருவாக்கியதே சல்லிவன்தான் என்பவர்களும் உண்டு, தெரியும். கமெண்டில் வர வேண்டாம்.) நாங்கள் வரைந்த தொடர் டிவியில் வந்தபோது அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி எழுத்துவரை படித்துவிட்டு, "உன் பேர் எங்கடா?" என்றார். கம்பெனி பெயர் மட்டும் ஒரு வரி ஓடியது.