பேரரசரைப் பிடிக்கிறது, செல்டனைத் தேட வேண்டியிருக்கிறது

ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ கதைகளை ஆப்பிள் டிவி 2021-லிருந்து தொடராகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, இதுவரை மூன்று சீசன், முப்பது எபிசோடு. அதைப் பற்றி இந்தப் பகுதியில் நாலு வரி எழுதினேன், கேள்விகள் குவிந்துவிட்டன. புத்தகம் படித்தவர்களில் பலருக்குக் கோபம், படிக்காதவர்களில் பலருக்குக் கொண்டாட்டம். இந்த வாரம் முழுக்க அதற்குத்தான். மூன்றாம் சீசனின் கடைசி முடிச்சை மட்டும் அவிழ்க்க மாட்டேன், பயப்படாமல் படியுங்கள்.

கல்லூரி நாளில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய மூன்று பாகங்களையும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தொடரைப் போட்டால் முதல் எபிசோடிலேயே வானத்தைத் தொடும் கோபுரம் ஒன்று வெடித்து நகரத்தின் மேல் சரிகிறது. என் புத்தகத்தில் அப்படி ஒரு பக்கமே இல்லையே! பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு கதை சொல்வது நியாயமா?
— கும்பகோணத்து வாசகர்

அந்தக் கோபுரம் புத்தகத்தில் இல்லைதான். நீங்கள் வைத்திருக்கும் மூன்று பாகங்களிலும் வெடிப்பதும் விழுவதும் மிகக் குறைவு. அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள், யோசிக்கிறார்கள், ஐம்பது வருடம் ஓடிவிடுகிறது, வேறு ஆட்கள் வேறு அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இதை அசிமோவே சொல்லியிருக்கிறார். முப்பது வருட இடைவெளிக்குப் பிறகு நான்காவது புத்தகம் எழுதச் சொல்லிப் பதிப்பாளர் நெருக்கியபோது, பழைய மூன்றையும் எடுத்து வாசித்தாராம். ஏதாவது நடக்கும், நடக்கும் என்று காத்திருந்தாராம், கடைசிவரை ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் சிந்தனையும் உரையாடலும்தான் என்று எழுதிவைத்திருக்கிறார். அப்படியும் அந்தப் புத்தகங்களுக்குத்தான் 1966-ல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த தொடர் என்று, அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கொடுத்தார்கள்.

அதனால் கோபுரம் விழுந்ததற்காக நான் சண்டைபோட மாட்டேன். 1973-ல் பிபிசி இதை எட்டு மணி நேர வானொலி நாடகமாகப் போட்டது, வானொலிக்குப் பேச்சு போதும். திரையில் பத்து மணி நேரம் பேச்சை மட்டும் காட்டினால் நீங்களும் நானும் பார்ப்போம், மூன்றாவது ஆள் பார்க்க மாட்டார். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அதை வேறு இடத்தில் வைக்க வேண்டும். கீழே சொல்கிறேன்.

நான் புத்தகம் படிக்கவில்லை. எனக்குத் தொடர் அவ்வளவு பிடித்திருக்கிறது. என் மாமா பக்கத்தில் உட்கார்ந்து ‘இது செல்டன் இல்லை, இது செல்டன் இல்லை’ என்று புலம்பிக்கொண்டே இருக்கிறார். அவருக்கு என்னதான் பிரச்சினை?
— திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

உங்கள் மாமாவை எனக்குப் புரிகிறது. அவர் பக்கத்தை நான் சொல்லிப் பார்க்கிறேன்.

1941 ஆகஸ்ட்டில் அசிமோவுக்கு வயது 21. நியூயார்க்கில் ரயிலில் போகும்போது, பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லிடம் சொல்ல ஒரு கதையும் கைவசம் இல்லை. ரோமப் பேரரசின் வீழ்ச்சி நினைவுக்கு வந்தது. அதையே விண்மீன் கூட்டம் முழுக்கப் பரவிய பேரரசாக்கினால் என்ன? பன்னிரண்டாயிரம் வருடம் நின்ற பேரரசு சரியப்போகிறது, அதற்கப்புறம் முப்பதாயிரம் வருடம் இருட்டு. ஹாரி செல்டன் என்கிற கணித மேதை அதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிறார், தடுக்க முடியாது, ஆனால் இருட்டை ஆயிரம் வருடமாகச் சுருக்கலாம் என்கிறார். அதற்காக அவர் உண்டாக்கும் குடியேற்றம்தான் ஃபவுண்டேஷன்.

அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பாத்திரத்தில் இருக்கிற வாயுவின் ஒற்றை மூலக்கூறு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, கோடிக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்து என்ன அழுத்தம் கொடுக்கும் என்று துல்லியமாகச் சொல்லலாம். மனிதர்களும் அப்படித்தான் என்கிறார் செல்டன். தனி ஆள் கணக்கில் வரமாட்டார், கூட்டம் வரும். அதனால் கதையில் நாயகன் என்று ஒருவர் இருக்கவே முடியாது, யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அலை அந்தப் பக்கம்தான் அடிக்கும். இரண்டாம் புத்தகத்தில் பெல் ரியோஸ் என்கிற தளபதி ஃபவுண்டேஷனை முற்றுகையிடுகிறான். அவனைத் தடுக்க இரண்டு பேர் தலைநகர் வரைக்கும் ஓடுகிறார்கள், லஞ்சம் கொடுக்கிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள், தப்புகிறார்கள். கடைசியில் பார்த்தால் அந்த ஓட்டமெல்லாம் வீண். வலுவான பேரரசன் ஒருவன் ஜெயித்துக்கொண்டே போகும் தளபதியை விட்டுவைக்க மாட்டான், சந்தேகப்பட்டுத் திருப்பி அழைத்துத்தான் ஆக வேண்டும். அவன் பெயர் ரியோஸாக இல்லாமல் வேறாக இருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். பதினெட்டு வயதில் அதைப் படித்தபோது நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தொடரில் நேர் எதிர். கால் டோர்னிக் என்கிற பெண்ணுக்கு நடக்கப்போவது முன்கூட்டியே தெரிகிறது, சால்வர் ஹார்டின் என்கிற பெண்ணுக்கு மட்டும் செல்டனின் பெட்டகம் வழிவிடுகிறது, எல்லாம் குறிப்பிட்ட சிலரின் பிறவி விசேஷத்தில் வந்து நிற்கிறது. செல்டனின் கணக்கு செத்துவிடுவது அங்கேதான். உங்கள் மாமாவின் புலம்பல் இதுதான் என்று நினைக்கிறேன். புத்தகத்தை எடுத்துப் படியுங்கள், முதல் பாகம் சின்னதுதான். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

சால்வர் ஹார்டினையும் கால் டோர்னிக்கையும் பெண்ணாக மாற்றிவிட்டார்கள் என்று என் நண்பர்கள் இன்னும் கொதிக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?
— மதுரை வாசகர்

மாற்றியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதல் புத்தகத்தில் பெண்கள் தலைகாட்டுவதே அபூர்வம். கோடானுகோடி ஜனங்கள் வாழும் விண்மீன் கூட்டத்தில் பேசுகிறவர் எல்லாம் ஆண் என்பது 1942-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் நடந்தது, இன்று யார் எடுத்தாலும் மாற்றத்தான் வேண்டும். அசிமோவே பின்னால் பேய்ட்டா, ஆர்க்கடி என்று இரண்டு பெண்களை உண்டாக்கினார், மூன்று பாகங்களிலும் உயிருள்ள ஆட்கள் அவர்கள்தான்.

எனக்கு வலித்தது வேறு. புத்தகத்து சால்வர் ஹார்டின் ஒரு நகரத் தலைவர், அவ்வளவுதான். பக்கத்து ராஜ்யமான அனாக்ரியான் படையோடு வந்து, ஃபவுண்டேஷன் இருக்கும் கிரகமான டெர்மினஸில் உட்கார்ந்துவிடுகிறது. ஹார்டின் என்ன செய்கிறார்? மற்ற மூன்று ராஜ்யங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போகிறார். அணுசக்தி தெரிந்த எங்களை அனாக்ரியான் விழுங்கினால் அடுத்து உங்கள் கதி என்ன என்று மட்டும் எடுத்துச் சொல்கிறார். மூன்று பேரும் சேர்ந்து கண்ணை உருட்ட, வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை. வன்முறை என்பது கையாலாகாதவனின் கடைசிப் புகலிடம் என்று சொல்கிற ஆள் அவர். தொடரில் சால்வர் கையில் நீளத் துப்பாக்கியோடு வேலியோரம் காவல் நிற்கிறாள். லியா ஹார்வி நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் அந்த மூன்று பயணத்தையும் ஒரு பெண் போய்வந்திருந்தால், அந்த மூன்று அரசவையிலும் ஒரு பெண் உட்கார்ந்து நிதானமாகப் பேசியிருந்தால், எவ்வளவு அருமையாக இருந்திருக்கும்! உங்கள் நண்பர்கள் அதற்குக் கொதிக்கட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

எங்கள் வீட்டில் அம்மா அந்த மூன்று பேரரசர்கள் வரும் பகுதியை மட்டும் பார்ப்பார், மற்றது வந்தால் எழுந்து போய்விடுவார். அந்த மூவரும் புத்தகத்தில் உண்டா?
— கோயம்புத்தூர் வாசகி

கிடையாது. அசிமோவின் கதைகளில் கிளியான் என்ற பெயரில் பேரரசர்கள் வருவார்கள், ஆனால் ஒரே ஆளைப் படியெடுத்துப் படியெடுத்து நானூறு வருடமாக ஆளவைப்பது தொடர்க்காரர்களின் சொந்தச் சரக்கு. உங்கள் அம்மாவின் ரசனைக்கு என் வணக்கம், இந்தத் தொடரின் உயிரே அதுதான்.

சிறுவன் ஒருவன், நடுவயதுக்காரர் ஒருவர், கிழவர் ஒருவர், மூவரும் ஒரே ஆள். கிழவர் போக வேண்டிய நாளில் அவர் சாம்பலாகிறார், புதுக் குழந்தை வருகிறது, சிறுவன் ஒரு படி ஏறுகிறான். இதைவிட நன்றாக, தேங்கிப்போன ஓர் ஆட்சியை எப்படிக் காட்டுவது? முதல் சீசனில் ஒரு வேட்டை வருகிறதே, நினைவிருக்கிறதா? இளையவனுக்கு நிறம் சரியாகத் தெரியாது, அதனாலேயே நிறத்தால் ஒளிந்துகொள்ளும் பறவைகள் அவன் கண்ணில் படுகின்றன, மூத்தவரைவிட அதிகமாக அடித்துவிடுகிறான். அதிகமாக அடித்ததை மறைத்துவைக்கிறான். மூவரும் ஒன்றாக இருந்தாக வேண்டிய இடத்தில் ஒரு கூடுதல் பறவைகூட ஆபத்து. அந்தப் பையன் முகத்தில் தெரிகிற பயத்தை நான் இரண்டு தடவை பின்னால் தள்ளிப் பார்த்தேன். லீ பேஸ் நடுவயதுக்காரராக வருவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அம்மாவிடம் கேளுங்கள்.

பாருங்கள், அசிமோவின் கருத்துக்குப் பக்கத்தில் வருவதும் இந்தப் பகுதிதான். எவ்வளவு அதிகாரம் இருந்தாலும் அந்த மூவரால் சரிவை நிறுத்த முடியவில்லை. எழுத்தை விட்டு விலகிப் போன இடத்தில் எழுத்தாளர் கிடைத்துவிட்டார்.

ஜாரெட் ஹாரிஸ் செய்யும் செல்டன் செத்த பிறகும் பேசிக்கொண்டே, வாக்குவாதம் பண்ணிக்கொண்டே இருக்கிறாரே. புத்தகத்திலும் இப்படித்தானா?
— திண்டுக்கல் வாசகர்

இல்லை. ஹாரிஸ் அருமையான நடிகர், அவரைத் தொடர் முழுக்க வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருப்பார்கள். ஆனால் இதனால் ஒரு பெரிய காட்சி கைவிட்டுப் போனது.

புத்தகத்துச் செல்டன் ஆரம்பத்திலேயே இறந்துவிடுகிறார். அப்புறம் வருவது அவர் உயிரோடு இருக்கும்போது பதிந்துவைத்த உருவம் மட்டும். சக்கர நாற்காலியில் ஒரு முதியவர், பல பத்து வருடத்துக்கு ஒரு முறை தோன்றி, இந்நேரம் உங்களுக்கு இன்ன சிக்கல் வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு மறைவார். நம்மைப் பார்க்க மாட்டார், நாம் கேட்பது அவர் காதில் விழாது. ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்வார், ஜனங்கள் அவரைத் தெய்வமாகவே நம்பிவிடுகிறார்கள். அப்புறம் மியூல் வருகிறான், மனித மனத்தையே வளைக்கத் தெரிந்தவன், எந்தக் கணக்கிலும் வராத தனி ஆள். ஊரே பெட்டக அறையில் கூடி நிற்க, செல்டன் தோன்றி, நடக்கவே நடக்காத ஓர் உள்நாட்டுப் போரைப் பற்றி அமைதியாக விளக்க ஆரம்பிக்கிறார். ஐயா, நீங்கள் சொல்வது தப்பு என்று கத்தினாலும் அவருக்குக் கேட்காது. அவர்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறார், வெளியே ஊர் விழுந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் எனக்கு முதுகு சில்லிடும். பதில் சொல்லத் தெரிந்த செல்டனை வைத்துக்கொண்டு இந்தச் சில்லிப்பைக் கொண்டுவர முடியாது.

மூன்றாம் சீசன் மியூல் எப்படி? நாலாவது வருமா?
— சேலம் வாசகர்

நாலாவது சீசனுக்கு 2025 செப்டம்பரிலேயே அறிவிப்பு வந்துவிட்டது. மியூலாக வரும் பிலூ ஆஸ்பெக் மிரட்டுகிறார், ஆனால் புத்தகத்து மியூல் மிரட்டாததால்தான் பயங்கரமானவன். கடைசி எபிசோடில் செய்த மாற்றம் பற்றி வாக்குக் கொடுத்துவிட்டேன், வாய் திறக்க மாட்டேன். பார்த்து முடித்தவர்கள் எழுதுங்கள். முக்கியமாகப் புத்தகத்தில் பேய்ட்டா கடைசியில் செய்யும் அந்த ஒரு காரியத்தை நினைவில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.